இறக்கையை ஆட்டினால் போதும்!

முன்பெல்லாம் நம் பக்கத்தில் தேர்த் திருவிழா என்றால், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மாட்டை அவிழ்த்து முளையில் கட்டிவிட்டு, வண்டியின் அடியிலேயே பாயை விரித்துவிடுவார்கள். பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டிய அடுப்பு புகையும். திருவிழா முடிகிற வரையில் அந்தப் பொட்டல் வெளியே ஓர் ஊராகிவிடும்.

அந்தக் காட்சியை 2025 ஜூலை மாதம் அமெரிக்காவில் கண்டோம். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே முளையடித்துக் கட்டியிருந்தவை ஆகாய விமானங்கள்!

ஆம். காற்று பலமாக அடித்தால் புரண்டுவிடாமல் இருக்க, சின்னச் சின்ன விமானங்களைக் கயிறு போட்டுத் தரையோடு கட்டியிருந்தார்கள். இறக்கையின் நிழலில் கூடாரம். இறக்கையில் கொடி கட்டித் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். விமானத்தை ஓட்டி வந்த அவர் கணவர், மடக்கு நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் இப்படியே வரிசை வரிசையாக விமானங்கள்.

ஊரின் பெயர் ஓஷ்கோஷ். விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ என்னும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. ஊரின் ஜனத்தொகை 70,000-க்குள்தான். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் நடக்கும் விமானத் திருவிழாவுக்காக இந்த ஊருக்கும் பக்கத்துத் தளங்களுக்கும் சுமார் 10,000 விமானங்கள் பறந்து வருகின்றன. 2025-ல் வந்த கூட்டம் ஏறத்தாழ 7,04,000. வருகிறவர்களில் டாக்டர் உண்டு, குடியானவர் உண்டு, பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, மெக்கானிக் உண்டு. பெரும்பாலோர் சம்பளத்துக்காக விமானம் ஓட்டுகிறவர்கள் அல்லர். ஆசைக்காக ஓட்டுகிறவர்கள்.

"இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனோம். திரும்பி வரும்போது அந்த நினைப்பு மாறிவிட்டது.

ஊமை ஊர்வலம்

திருவிழா தொடங்குவது திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனி, ஞாயிறு இரண்டு நாளும் விமானங்கள் வந்து குவிகிற நாட்கள். அந்தச் சமயத்தில் உலகத்திலேயே அதிக வேலையுள்ள விமான நிலையக் கோபுரம் நியூயார்க்கிலோ லண்டனிலோ இல்லை; இந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது. மணிக்கு நூறு தடவைக்கு மேல் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

இத்தனை விமானங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் எப்படி வருகின்றன?

ஓஷ்கோஷுக்குத் தென்மேற்கே ரிப்பன் என்று ஓர் ஊர். நம் சென்னையில் ரிப்பன் மாளிகை இருக்கிறதல்லவா, அதே பெயர்தான். அங்கிருந்து ஃபிஸ்க் என்ற குக்கிராமத்துக்கு ஒரு ரயில் பாதை போகிறது. வருகிற சிறு விமானங்கள் ரிப்பனில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, அந்தத் தண்டவாளத்தையே பிடித்துக்கொண்டு வரவேண்டும். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி. வேகம் மணிக்கு 90 கடல் மைல். முன்னே போகிற விமானத்துக்கும் பின்னே வருகிறதற்கும் அரை மைல் இடைவெளி. முந்தக் கூடாது. அவ்வளவு மெதுவாக வர முடியாத விமானங்களுக்கு, அதற்கும் மேலே தனி அடுக்கு.

ஃபிஸ்க்கில் ஒரு மேட்டின் மேல் அதிகாரிகள் சிலர் தொலைநோக்கியும் கையுமாக நிற்கிறார்கள். விமானத்தின் நிறத்தையும் ஜாடையையும் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். "சிவப்பு விமானம்! இறக்கையை ஆட்டுங்கள்!" என்று வானொலியில் குரல் கேட்கிறது. விமானி வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது. இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டவேண்டும். அதுதான் பதில். உடனே எந்த ஓடுபாதை என்று கட்டளை வருகிறது.

ஓடுபாதையில் பல வண்ணங்களில் பெரிய பெரிய புள்ளிகள் இட்டிருக்கிறார்கள். பச்சைப் புள்ளி என்று சொன்னால் பச்சையில் இறங்கவேண்டும். ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு. ஒரு விமானம் கடைசிப் புள்ளியில் சக்கரத்தை ஊன்றும்போதே, அடுத்தது முதல் புள்ளிக்கு வந்துகொண்டிருக்கும்.

பேசக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை "சரி, ஐயா" என்று சொல்ல ஆரம்பித்தால்கூட, கட்டளை யார் காதிலும் விழாது.

அந்த மேட்டருகே நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். லட்சாதிபதியின் விமானமும் வரிசையில் வந்தது. வாத்தியாரின் விமானமும் வரிசையில் வந்தது. "நான் யார் தெரியுமா?" என்று கேட்க அங்கே யாருக்கும் வழியில்லை. பேசவே கூடாதே!

வீட்டுக்குள் பிறந்த சங்கம்

இந்தத் திருவிழாவை நடத்துவது எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம். பால் போபெரெஸ்னி என்பவர் 1953 ஜனவரியில் மில்வாக்கி நகரில் சில நண்பர்களைக் கூட்டி இதை ஆரம்பித்தார். சிறு வயதில் அவருடைய வாத்தியார், உடைந்து கிடந்த ஒரு கிளைடர் விமானத்தை அவரிடம் கொடுத்து, "முடிந்தால் சரி செய்துகொள்" என்றாராம். பையன் அதைச் சரி செய்தான். அதிலேயே பறக்கவும் கற்றுக்கொண்டான். பின்னாளில் அவர் ராணுவ விமானியானார்.

சங்கத்தின் முதல் ஆபீஸ் அவருடைய வீட்டின் நிலவறை. காரியங்களைக் கவனித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் அவர் மனைவி ஆட்ரி. அந்த வருஷம் நடந்த முதல் திருவிழாவுக்கு வந்த விமானங்கள் சொற்பம். 1955-ல் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில், 800 டாலருக்குள் ஒரு விமானத்தை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று அவர் கட்டுரைகள் எழுதினார். நாடெங்கும் அங்கத்தினர்கள் சேர்ந்தார்கள். 1970 முதல் திருவிழா ஓஷ்கோஷில் நடக்கிறது.

800 டாலர் கதையெல்லாம் பழங்கதை. இப்போது ஒரு விமானத்துக்கான பாகங்களை வாங்கிக் கட்டுவதென்றால் பல பத்தாயிரம் டாலர் ஆகும். இது ஏழையின் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டம் மட்டும் அன்றுபோலவே இன்றும் பணத்தைப் பார்ப்பதில்லை. விமானத்தின் பெரும் பகுதி வேலையைச் சொந்த ஆசைக்காகவோ கல்விக்காகவோ நீயே செய்திருக்கிறாயா என்று கேட்கிறது. செய்திருந்தால், அதிகாரி வந்து பரிசோதிக்கிறார்; அனுமதி தருகிறார். அதன் பிறகும் முதலில் சுமார் 25 அல்லது 40 மணி நேரம், ஜன நெருக்கம் இல்லாத இடத்தில், பிரயாணிகளை ஏற்றாமல் பறந்து சோதிக்கவேண்டும்.

இரண்டு பேர் வேலை

வரிசையில் ஒரு வெள்ளை விமானத்தின் பக்கத்தில் வயதான தம்பதி இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ரிடையரான வாத்தியார். விமானத்தைக் கட்டி முடிக்க ஒன்பது வருஷம் ஆயிற்றாம்.

"நீங்கள் ஒருவராகவே கட்டினீர்களா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "ஒருவரால் முடியாது. தகட்டில் ரிவெட் அடிக்கும்போது முன்பக்கம் ஒருவர் துப்பாக்கியால் தட்டவேண்டும். பின்பக்கம் ஒருவர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கவேண்டும். கட்டையைப் பிடித்தவர் இதோ இருக்கிறார்" என்று மனைவியைக் காட்டினார். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள்!

"ஒழுங்காக உட்காராத ரிவெட்டை என்ன செய்தீர்கள்?"

"பிடுங்கிவிட்டு மறுபடியும் அடித்தோம்" என்றார் அந்த அம்மாள். "யாரும் பார்க்கவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதில் பறக்கப் போவது நாங்கள்தானே?"

விமானத்தின் உள்ளே ஒரு தகட்டில் ஏதோ எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தோம். இது தொழில் முறையில் செய்யப்பட்டதல்ல என்றும், சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்றும், ஏறுகிறவர்களை எச்சரிக்கும் வாசகம். சட்டப்படி அதை எழுதி வைத்தே ஆகவேண்டும். தான் செய்த பொருளின் மேல் தானே இப்படி எழுதி ஒட்டுகிற வியாபாரியை நாம் பார்த்ததுண்டா?

பயமில்லையா?

பயப்படவேண்டிய விஷயம்தான். அதை மறைத்து எழுதினால் வாசகர்களை ஏமாற்றியதாகும்.

ஓஷ்கோஷ் விமான நிலையத்துக்கு ஸ்டீவ் விட்மன் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அதன் நிர்வாகியாக இருந்தவர். பந்தய விமானி. தம் கையாலேயே பல விமானங்கள் கட்டியவர். 1995 ஏப்ரலில், தமது 91-வது வயதில், தாமே கட்டிய விமானத்தில் மனைவியுடன் போய்க்கொண்டிருந்தார். இறக்கையின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஒட்டு விட்டது. இறக்கை அதிர்ந்து விமானம் உடைந்தது. இருவரும் மாண்டார்கள்.

கைதேர்ந்த மனிதருக்கே அந்தக் கதி!

2023 ஜூலை 29, சனிக்கிழமை. திருவிழா நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பழைய பயிற்சி விமானம் ஏரியில் விழுந்து இருவர் இறந்தார்கள். அதே நாளில் ஒரு ஹெலிகாப்டரும் ஒரு கைரோகாப்டரும் மோதி இன்னும் இருவர் இறந்தார்கள்.

2012-ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. வீட்டில் கட்டிய விமானங்கள் மற்றச் சிறு விமானங்களைவிட அதிகமாக விபத்துக்குள்ளாகின்றன, அதிலும் கட்டி முடித்த புதிதில் ஆபத்து அதிகம் என்று அது சொல்லிற்று. இந்த ஆராய்ச்சிக்கு விவரம் திரட்டிக் கொடுத்து உதவியது யார் தெரியுமா? இந்தச் சங்கமேதான்! தன் குறையைத் தானே அளந்து காட்டியது. பிறகு 2014-ல், முதல் சோதனைப் பறப்புகளின்போது அனுபவமுள்ள இன்னொரு விமானியையும் கூட அழைத்துப் போகலாம் என்று விதி தளர்ந்தது.

வேடிக்கைக்கும் கோடு உண்டு

கடைசிச் சனிக்கிழமை இரவில் வாணவேடிக்கையோடு விமான சாகசம். புகையைக் கக்கிக்கொண்டு குட்டிக்கரணம் போடுகிற விமானத்தைப் பார்த்துக் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். நாமும் கைதட்டினோம். பக்கத்தில் இருந்த ஒருவர், "விமானத்தின் மூக்கைக் கவனியுங்கள். கூட்டத்தின் பக்கம் திரும்பவே திரும்பாது" என்றார்.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1951 செப்டம்பரில் கொலராடோ மாநிலத்தில் ஃபிளாக்ளர் என்ற ஊரில், சாகசம் செய்த விமானம் கூட்டத்தில் விழுந்து 20 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்கும் சாகசத்துக்கும் நடுவே கடுமையான கோடு கிழித்தார்கள். விமானி தன் உயிரைப் பணயம் வைக்கலாம். பார்க்க வந்தவன் உயிரைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை இல்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் இந்த ஆசை இல்லாமல் இல்லை. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு விமானம் கட்டினார். 2016-ல் மும்பையில் நடந்த கண்காட்சியில் ஜனங்கள் அதை அதிசயமாகப் பார்த்தார்கள். பறந்து பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது 2019-ல்!

ஜன நெருக்கடி மிகுந்த நகரத்தின் தலைக்கு மேல் கண்டவரெல்லாம் பறக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் கண்டிப்பாக இருக்கட்டும். ஆனால் கண்டிப்பு வேறு, காக்க வைப்பது வேறு. இன்னின்ன செய்தால் அனுமதி, இல்லாவிட்டால் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், திறமையுள்ளவன் அதைச் செய்துகொண்டு வருவான்.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடலாமா? ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நாம் எப்படி நிற்கிறோம்? இந்தப் பக்கத்து வண்டிகள் சாலை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. அந்தப் பக்கத்து வண்டிகளும் அப்படியே. கேட் திறந்ததும் ஒருவரும் நகர முடிவதில்லை. ஹாரன் சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது. தரையில் இரண்டு நிமிஷம் வரிசையில் நிற்க முடியாதவனுக்கு வானத்தைத் திறந்துவிட எந்த சர்க்காருக்குத் துணிச்சல் வரும்?

ஓஷ்கோஷில் சுதந்திரத்தை யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. கோணலாய்ப் போன ஒவ்வொரு ரிவெட்டையும் பிடுங்கி, தம் விபத்துகளைத் தாமே கணக்கெடுத்து, வரிசையில் வாய் மூடி வந்து, அந்த ஜனங்கள் அதைச் சம்பாதித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜனங்கள் கூடாரங்களைச் சுருட்டினார்கள். கட்டுக் கயிறுகள் அவிழ்ந்தன. அந்த வயதான தம்பதியின் வெள்ளை விமானமும் தன் முறை வரும் வரையில் காத்திருந்து மேலே எழும்பிற்று. கீழே நின்று கையை ஆட்டினோம். எங்களைப் பார்த்தார்களோ இல்லையோ, தெரியாது. தூரத்தில் அந்த இறக்கை ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆடிற்று.