முறை யார் வீட்டுக்கு?

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு, அதாவது வலை போடும் முறையுரிமை, இருக்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்று ஊருக்கு ஊர் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. அதில் பெயர் இருப்பவருக்கே முறை வரும். பாடு இல்லாத இருளர்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். மீன் கொஞ்சம், வாய் அதிகம். முறை வைக்காவிட்டால் அடிதடிதான். அதனால் பாட்டை ஒரேயடியாகக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் தலைக்கட்டு என்பது குடும்பம் நடத்தும் ஆணின் கணக்கு. திருநங்கைக்கு அதில் வரி ஏது, முறை ஏது?

ஊர் மாதா கோயிலுக்கு இந்த நெருக்கடி இல்லை. நற்கருணை என்ன, இறாலா தீர்ந்துபோக?

பழவேற்காட்டின் அந்த மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்பார்கள். கட்டியவர்கள் கப்பலேறி வந்த போர்த்துகீசியர்கள். அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இன்றும் காவல் நிற்கின்றன. இதே டச்சுக்காரர்கள் 1730இல் தங்கள் நாட்டில் ஆணோடு ஆண் கூடினான் என்று பலரைக் கொன்றார்கள். 2001இல் தன்பாலினத் திருமணத்தை உலகிலேயே முதலில் சட்டமாக்கியதும் அதே நாடுதான். இடையில் வேதாகமத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

ரோமாபுரியும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. திருநர் திருமுழுக்குப் பெறலாம், ஞானப்பெற்றோராக நிற்கலாம், திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்ற விளக்கத்துக்கு 2023 அக்டோபர் 31இல் போப் பிரான்சிஸ் ஒப்புதல் தந்தார். அதே ஆண்டு டிசம்பரில், தன்பாலின இணையருக்குக் குருவானவர் ஆசி வழங்கலாம், அது திருமணச் சடங்குபோல் ஆகிவிடக் கூடாது என்று இன்னொரு அறிக்கை வந்தது. அக்டோபர் விளக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது: விசுவாசிகளுக்கு இடறல் வராத பட்சத்தில். இடறல் எது என்று குப்பத்தில் யார் முடிவு செய்வார்கள்? திண்ணைப் பேச்சுதான் முடிவு செய்யும். சலுகையைக் கொடுத்த கையே சாவியை ஊர்வாயிடம் கொடுத்திருக்கிறது என்பது நம் வருத்தம்.

செங்கல்பட்டுப் பக்கம் நடராஜபுரத்தில் பாரதி என்ற திருநங்கை, ரோமாபுரிக்குக் கட்டுப்படாத இ.சி.ஐ. சபையின் போதகராகி ஆண்டுகள் பல ஆகின்றன. அங்கே திருநங்கை பிரசங்கபீடத்தில் நிற்கிறார். இங்கே ஞானத்தாயாக நிற்கலாமா என்றே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திருவிழாத் தேருக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு யார் நடந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்பாரில்லை. காணிக்கை உண்டியலும் ஆள் பார்ப்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் வீடு வீடாக முறை மாறி நடக்கிறது. பாய் விரித்து, ஜெபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, கடைசியில் டீயும் பிஸ்கட்டும். தனியாக வாடகைக்கு இருக்கும் திருநங்கையின் வீட்டுக்கு அந்த முறை வருமா? ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்களின் வீட்டுக்கு?

பங்குப் பேரவை இதற்கு மறைமாவட்டத்தின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாத முறைப் பட்டியலை எழுதுகிறவர் அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதட்டும். டீ குடிக்க எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.