உள்ளூர் சேனலின் எல்லையை யார் வகுப்பது?

டிஷ் பொருத்துகிறவர்கள், ஹெட்எண்டில் வேலை பார்க்கிறவர்கள், ஒளிபரப்பு ஒப்பந்தங்களை எழுதுகிறவர்கள் என இந்த இதழை வாசிக்கும் எல்லோரும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு: “இத்தனை சேனல் வருது, எங்க ஊர் சேனல் மட்டும் ஏன் வரலை?” இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. 1988, 1994, 1999, 2004, 2010, 2014, 2019 என ஏழு முறை அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்காகச் சட்டம் இயற்றியோ திருத்தியோ இருக்கிறது. டிரான்ஸ்பாண்டரில் இடமில்லை என்ற தடை பாதி வழியிலேயே பெருமளவு விலகிவிட்டது. அதன் பிறகும் சில வட்டாரத்து மக்கள் தங்கள் மாநிலச் செய்தியைத் தங்கள் டிஷ்ஷில் பார்க்க முடியாமல் இருந்தார்கள். எது உள்ளூர் என்பதைக் குடியிருக்கும் இடத்தை வைத்துத் தீர்மானிக்காமல், விளம்பரச் சந்தையை வைத்துத் தீர்மானித்ததே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறோம். நம் தொழிலில் இருப்பவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய பெரிய நெட்வொர்க்குகள் தங்கள் நிகழ்ச்சிகளை ஊருக்கு ஊர் உள்ள நிலையங்கள் வழியாகவே வீடுகளுக்குக் கொண்டுசெல்கின்றன. மாலைத் தொடரும் கால்பந்துப் போட்டியும் நாடு முழுவதும் ஒன்றுதான். ஆனால் சூறாவளி எச்சரிக்கை, பனியால் பள்ளி விடுமுறை, நகர்மன்றத் தேர்தல் ஆகியவை அந்தந்த ஊர் நிலையத்துக்கே உரியவை. தன் வட்டாரத்தில் அந்த நெட்வொர்க்கின் நிகழ்ச்சியைக் காட்டும் தனியுரிமையும் உள்ளூர் விளம்பர வருமானமும்தான் நிலையத்தைத் தாங்கி நிற்கின்றன. நியூயார்க் நிலையத்தின் சிக்னலைச் செயற்கைக்கோள் நாடு முழுவதும் தூவினால் சிறு நகரத்து நிலையத்தின் பார்வையாளர் குறைவார், வருமானம் குறையும், கடைசியில் செய்திப் பிரிவே மூடப்படும். நிலையங்கள் முன்வைத்த இந்த அச்சம் நியாயமானது. மலைக்கு அந்தப் பக்கம் வசிப்பவர், எந்த ஆண்டெனாவிலும் படமே வராதபோது தனக்கு என்ன வழி என்று கேட்டதும் அதே அளவுக்கு நியாயமானது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் ஒரு வரையறையில் அடக்கப் பார்த்தது. வீட்டுக் கூரையில் வைக்கும் சாதாரண ஆண்டெனாவில் ‘கிரேடு பி’ அளவு சிக்னல் கிடைக்காத வீட்டுக்கு மட்டும் தொலைதூர நெட்வொர்க் நிலையத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கொடுக்கலாம் என்றது. அந்த அளவு 2 முதல் 6 வரையான அலைவரிசைகளுக்கு 47 டிபியு, 7 முதல் 13 வரை 56 டிபியு, யுஎச்எஃப் அலைவரிசைகளுக்கு 64 டிபியு. தாளில் பார்த்தால் தெளிவான விதிதான். களத்தில் அதைச் செயல்படுத்துவது வேறு கதை. பிரைம்டைம் 24 என்ற நிறுவனம் அளந்து பார்க்காமல், படம் தெளிவாகத் தெரிகிறதா என்று வாடிக்கையாளரையே கேட்டு இணைப்புக் கொடுத்துவந்தது. தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் வழக்குத் தொடுத்தன. சட்டம் கேட்பது சிக்னலின் வலிமையை, பார்ப்பவரின் திருப்தியை அல்ல என்று மயாமியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1998-இல் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பணம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஏராளமான வீடுகளில் நெட்வொர்க் சேனல்கள் நிற்கும் நிலை வந்தது. மக்கள் பிரதிநிதிகளுக்குப் புகார்கள் குவிந்தன.

அதன் பிறகு எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையம் அளவீட்டு முறையைச் செம்மைப்படுத்தியது. மாடி இல்லாத வீடென்றால் சோதனை ஆண்டெனா 20 அடி உயரத்தில் நிற்க வேண்டும், மாடி வீடென்றால் 30 அடி. ஐந்து இடங்களில் அளக்க வேண்டும். இயன்றவரை நான்கு இடங்கள் ஒரு சதுரத்தின் மூலைகளாகவும் ஐந்தாவது அதன் நடுவிலும் அமைய வேண்டும். அந்த ஐந்து அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், நில அமைப்பை வைத்துச் சிக்னலைக் கணிக்கும் லாங்லி-ரைஸ் மாதிரி முதல் சல்லடையாக வைக்கப்பட்டது. கணிப்பு பாதகமாக வந்தால் வாடிக்கையாளர் உள்ளூர் நிலையத்திடம் விலக்குக் கேட்கலாம். நிலையம் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் விலக்குக் கிடைத்ததாகவே பொருள். இந்தக் கடைசி விதியை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மௌனத்தின் பலன் பார்வையாளருக்குச் சேருமாறு எழுதப்பட்ட விதி அது.

உண்மையான திருப்பம் 1999 நவம்பரில் வந்த சட்டம். தொலைதூர நிலையத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்ற சண்டையைத் தாண்டி, அந்தந்த ஊர் நிலையத்தையே அந்தந்த ஊருக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. இதற்குக் காப்புரிமைத் தொகை ஏதும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. 2002 ஜனவரி 1 முதல், ஒரு சந்தையில் இந்த உரிமத்தின்கீழ் ஒரு நிலையத்தை எடுத்தால், கேட்கும் மற்ற நிலையங்களையும் எடுக்க வேண்டும். பெரிய நான்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பொதுத்துறை நிலையத்தையும் ஸ்பானிய மொழி நிலையத்தையும் ஒதுக்க முடியாது. செயற்கைக்கோள் நிறுவனங்கள் நீதிமன்றம் போயும் இந்த விதி நிலைத்தது.

இடம் எங்கே என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் விடை கண்டார்கள். 2001 நவம்பரில் ஏவப்பட்ட டைரக்டிவி-4எஸ், 2002 பிப்ரவரியில் ஏவப்பட்ட எக்கோஸ்டார்-7 ஆகியவை ஸ்பாட் பீம் சுமந்து சென்றன. நாடு முழுவதையும் மூடும் ஒரே வீச்சுக்குப் பதிலாக, சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள சிறு சிறு வட்டங்கள். ஒன்றையொன்று தொடாத வட்டங்களில் அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஊர் நிலையத்தின் சிக்னலை அங்கேயே ஒரு சிறு மையத்தில் பிடித்து, ஃபைபர் வழியாக அப்லிங்க் நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மேலேற்றி, அந்த ஊரின்மேல் மட்டும் இறக்கினார்கள். நம் தொழிலின் பெருமைக்குரிய சாதனைகளில் இதுவும் ஒன்று.

அதே காலத்தில்தான் நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் நடந்தது. சில சந்தைகளில் முக்கிய நிலையங்களை வழக்கமான டிஷ்ஷிலும் மற்றவற்றை வேறொரு செயற்கைக்கோளிலும் வைத்தார்கள். அவற்றைப் பார்க்க இரண்டாவது டிஷ் வேண்டும். டிஷ் இலவசம்தான், ஆனால் வாடிக்கையாளர் தானாகக் கேட்டு, ஆள் வரக் காத்திருந்து, இன்னொரு முறை சுவரில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் சிறுபான்மை மொழி, சமய, கல்வி நிலையங்கள். விதியின் எழுத்துக்குப் பங்கம் வராமல் அதன் உயிரை எடுத்த ஏற்பாடு இது. ஒரு சந்தையின் உள்ளூர் நிலையங்கள் எல்லாம் ஒரே டிஷ்ஷில் வர வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது பரப்பு. நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்திருக்கிறது. எந்தச் சந்தைக்கு உள்ளூர் சேவை தருவது என்பதைச் சட்டம் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. பெருநகரங்கள் முந்தின, மொன்டானாவின் கிளென்டைவும் மிச்சிகனின் அல்பீனாவும் வரிசையின் கடைசியில் நின்றன. தொலைதூர நிலையங்களைத் தகுதியில்லாத வீடுகளுக்கும் கொடுத்ததாகத் தீர்ப்பாகி, டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் நிறுவனம் 2006 டிசம்பரில் அந்த உரிமத்தையே இழந்தது. 210 சந்தைகளுக்கும் உள்ளூர் சேவை தந்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அந்த ஆண்டே அந்த நிறுவனம் எல்லாச் சந்தைகளையும் எட்டியது. மற்றொரு பெரிய நிறுவனமான டைரக்டிவி 2019-இலும் 12 சந்தைகளை விட்டுவைத்திருந்தது. தொலைதூர உரிமம் வேண்டுமென்றால் எல்லாச் சந்தைகளுக்கும் சேவை தர வேண்டும் என்று அந்த ஆண்டுச் சட்டம் பொது விதியே வகுத்தது. ஒரு நிறுவனத்தால் 2010-இல் முடிந்ததை இன்னொன்று ஒன்பது ஆண்டு தள்ளிப்போட்டது என்றால், அங்கே தடையாக நின்றது விண்வெளி அல்ல, கணக்குப் புத்தகம்.

210 சந்தைகளும் நிறைந்தாலும் ஒரு குறை தீராது. அந்தச் சந்தைகள் விளம்பரம் விற்பதற்காக வரையப்பட்டவை. எந்தக் கவுண்டியின் மக்கள் எந்த நகரத்து நிலையத்தை அதிகம் பார்க்கிறார்கள் என்பதே அளவுகோல். மாநில எல்லை அதற்குப் பொருட்டில்லை. கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள லா பிளாட்டா கவுண்டியைப் பாருங்கள். அதன் தலைநகர் டுராங்கோ. மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மாநிலத் தலைநகர் டென்வரைவிட, அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி அருகில். நீல்சன் இந்தக் கவுண்டியை ஆல்புகர்க்கி சந்தையில் சேர்த்தது. விளைவாக, டிஷ்ஷில் வந்த உள்ளூர் நிலையங்கள் நியூ மெக்சிகோவின் ஆளுநரையும் சட்டமன்றத்தையும் பற்றிப் பேசுபவை. பார்ப்பவர்களோ வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் கொலராடோவில். சந்தை எல்லையைத் திருத்தக் கோரும் வசதி கேபிளுக்கு முன்பே இருந்தது. செயற்கைக்கோளுக்கு அது வந்தது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். சொந்த மாநிலத்து நிலையங்கள் மக்களுக்குக் கிடைக்கச் செய்வதை எடைபோட வேண்டிய ஓர் அம்சமாக அச்சட்டம் சேர்த்தது. லா பிளாட்டா கவுண்டி நிர்வாகம் மனுப் போட்டது, எஃப்.சி.சி.யின் ஊடகப் பிரிவு 2017-இல் அதை ஏற்றது. ஆனால் எல்லை திருந்தினாலும் தொழில்நுட்ப ரீதியிலும் செலவு ரீதியிலும் இயலாது என்று காட்டினால் நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை. டென்வரின் ஸ்பாட் பீம் எதுவரை விழுகிறது என்ற விவரம் முழுதாக இருப்பது நிறுவனத்தின் கையில். மனுப் போடுகிற சிறு கவுண்டியின் கையில் இல்லை.

பணத் தகராறு இதற்கெல்லாம் மேல். 1992-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் தந்த மறுஒளிபரப்புச் சம்மத உரிமையின்படி, மூன்றாண்டுக்கு ஒருமுறை நிலையம் தன் நிலைப்பாட்டைத் தேர்ந்துகொள்கிறது. சம்மதத்துக்குப் பணம் கேட்டு, பேச்சு முறிந்தால் சேனல் இருளடைந்துவிடும். பெரிய விளையாட்டுப் போட்டி நெருங்கும் வேளையில் இரு தரப்பும் பார்வையாளரை முன்னிறுத்தித் திரையில் அறிக்கைப் போர் நடத்துகின்றன. சேனல் இல்லாத நாட்களிலும் மாதச் சந்தா நிற்பதில்லை.

இந்தியாவில் நம் நிலை என்ன? 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயமாக்கியது, டிடிஎச் நிறுவனங்களுக்கும் அந்தக் கடமை உண்டு. அதற்குக் கீழே, மாவட்ட அளவில், விதி மெலிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கேபிள் வழியாக நடக்கும் ஊர் சேனல்கள் கோவில் திருவிழாவையும், மின்தடை அறிவிப்பையும், உள்ளாட்சி வேட்பாளரின் பேச்சையும் காட்டுகின்றன. கேபிளை விட்டு டிடிஎச்சுக்கு மாறிய வீடு அவற்றை அன்றே இழக்கிறது. நாடு முழுவதையும் மூடும் பீமில் ஒரு தாலுகாவுக்கான சேனலை ஏற்றுவது வீண் செலவு என்பது உண்மைதான். ஆனால் செட்டாப் பாக்ஸில் இணைய இணைப்பு வந்துவிட்ட பிறகு, பீம் ஒன்றே வழி என்ற வாதம் பழசாகிவிட்டது.

எனவே மூன்றை வலியுறுத்துகிறோம். உள்ளூர் என்பது குடியிருப்பு முகவரியாலும் அது சேர்ந்த நிர்வாக எல்லையாலும் வகுக்கப்பட வேண்டும். விளம்பரச் சந்தை துணைச் சான்றாக இருக்கட்டும், தீர்ப்பாக வேண்டாம். எல்லையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கத்து நிலையங்களும் கிடைக்கட்டும். அடுத்து, இயலாது என்று சொல்கிற நிறுவனமே தன் பீம் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் பொதுவில் வைத்து அதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பாரம் பார்வையாளர்மேல் விழக் கூடாது. மூன்றாவது, சம்மதத் தகராறு எவ்வளவு முற்றினாலும், பேரிடர் எச்சரிக்கை நடப்பிலுள்ள நாட்களில் உள்ளூர் நிலையத்தை நிறுத்தக் கூடாது. கட்டணத்தைப் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் பெரும்பகுதி சட்டம் எழுதுகிறவர்களின் வேலை. ஆனால் அவர்கள் முதலில் கேட்பது நம்மைத்தான்: முடியுமா, எவ்வளவு செலவாகும்? நிர்வாகம் சொல்லச் சொன்ன பதிலை விட்டு, அளந்து கண்ட பதிலை அவர்களிடம் சொல்வது இந்தத் துறையிலுள்ள ஒவ்வொருவரின் கடமை.