ஓட வைக்கும் பாகமும் நிறுத்தும் பாகமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. மலைச் சாலையில் இதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சாணி இல்லாத தேர் ஓடாது. ஆகவே ஆபத்தும் இல்லை. ஆனால் பிரேக் கெட்டுப்போன ஜீப் நன்றாகவே ஓடும். நிற்காது என்பதுதான் அதிலுள்ள தொல்லை.

பொழுது விடியுமுன்பே கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளில் தூக்குச் சட்டியோடு ஜீப்புக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்க்காதவர் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் ஏறி, வண்டன்மேடு, உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் கொண்டை ஊசி வளைவுகள் 17. காலையில் வண்டி ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். மாலையில் இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். அந்தப் பிரேக்கில் போட்டிருக்கும் லைனிங் எங்கே வாங்கியது, யார் செய்தது என்று வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

ஜீப் இல்லாமல் இந்த மலைகளில் பிழைப்பு இல்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் அங்கே போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். பறம்பிக்குளம் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் சாலையோ தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் போகிறது. நெல்லியாம்பதியில் தோட்டங்களைத் தாண்டி உள்ளே போக ஜீப்தான் கதி. அரசாங்கம் போட்ட எல்லையை மலை மதிப்பதில்லை, ஜீப்பும் மதிப்பதில்லை. ஆனால் ஜீப்புக்கு ஒரு ஸ்பேர் வேண்டுமென்றால் மட்டும் எல்லை தாண்டி மதுரைக்கோ, கோவைக்கோ, கொச்சிக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஒரே முகம், வேறு குடல்

இப்போது எஸ்.யூ.வி. என்று பெரிய பெயர் சொல்லி விற்கும் வண்டிகளுக்கெல்லாம் மூத்தது ஜீப்தான். வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து மஹிந்திரா நிறுவனம் 1947-ல் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அதன் பின் பல பத்தாண்டுகள் வண்டியின் முகம் அதிகம் மாறவில்லை. உள்ளே இருப்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. பெட்ரோல் என்ஜின், பெஜோ அமைப்பு டீசல் என்ஜின், நேரடியாக டீசலைத் தெளிக்கும் என்ஜின் என்று பல வகைகள் வந்தன. மேஜர், கமாண்டர், மார்ஷல் என்று பெயர்களும் பல. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளின் விற்பனை நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. பழைய மாடல்கள் கம்பெனியிலிருந்து வருவது நின்றுவிட்டது. ஆனால் மலையில் அவை ஓடுவது நிற்கவில்லை.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. முகம் ஒன்றாக இருப்பதால் பாகமும் ஒன்றாக இருக்கும் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். "ஜீப்புக்குக் கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். பட்டறையில் வைத்துப் பார்த்தால் போல்ட் துளை ஒத்துவருகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் துளை ஒத்துவருவது வேறு, பாகம் பொருந்துவது வேறு.

ஓர் எடுத்துக்காட்டு போதும். ராணுவத்துக்கென்று செய்த பழைய வில்லிஸ் ஜீப்பின் அச்சில் இருந்த கிரவுன், பினியன் பற்சக்கர ஜோடியின் விகிதம் 4.88. அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல். பிறகு பொதுமக்களுக்காக வந்த ஜீப்பில் விகிதம் 5.38. பினியனில் அதே 8 பல்தான். கிரவுனில் 43 பல். வெளியே ஹவுசிங்கைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். பின் அச்சு உடைந்ததென்று பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு விகிதத்து அச்சை வாங்கிப் பூட்டினால், சாதாரணச் சாலையில் வண்டி ஓடத்தான் செய்யும். சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் வேறு வேகம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பற்சக்கரங்கள் நெரிபட்டு உடையும். அதுவும் ஏற்றத்தில், மழையில், ஆட்கள் ஏறியிருக்கும்போது உடையும்.

டீசல் இன்ஜெக்டரும் இப்படியே. பெஜோ அமைப்பு என்ஜினின் நாசில் வேறு. நேரடியாகத் தெளிக்கும் என்ஜினின் நாசில் வேறு. ஒன்றை மற்றொன்றுக்கு ஒப்பேற்றினால் புகையும் செலவும்தான் மிச்சம். ஆகவே கடைக்குப் போகிறவர் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண், தயாரித்த ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும், அதில் பொறித்த எண்ணோடு, கையில் கொண்டு போக வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சிக்கனம் எதில்?

ஜீப் வைத்திருப்பவர்கள் மீது மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. வண்டிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் அவருடைய வாடகை போவதோடு, அதில் வரும் அத்தனை பேரின் கூலியும் போகிறது. எல்லைப்புறத்து மெக்கானிக்குகளின் கைத்திறனையும் குறை கூறுவதற்கில்லை. கம்பெனி கைவிட்ட வண்டிகளை லேத்திலும் வெல்டிங்கிலும் உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளும் ஏழைக்கு உதவியாகத்தான் இருக்கின்றன. கதவு, ரேடியேட்டர், இருக்கை, நல்ல நிலையிலுள்ள கியர் பெட்டி ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. அவை கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் வண்டியை நிறுத்தும் பாகங்களும் திருப்பும் பாகங்களும் அந்தக் கணக்கில் சேரா. பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங்கின் டை ராடு எண்டு, டயர் ஆகிய இந்த ஆறிலும் பழையதும் கூடாது, பெயர் தெரியாததும் கூடாது.

பிரேக் எண்ணெயையே எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இடுக்கியின் மழைக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். எண்ணெயில் ஆவிக் குமிழி கிளம்பும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஏறும்போது போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். எண்ணெய் குறைந்துவிட்டதென்று அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் போகும். அடுத்த நாளோ அடுத்த வாரமோ பிரேக் கைவிடும். கொஞ்சம் எண்ணெய்க்கான காசை மிச்சம் பிடிக்கப் போய் வண்டி நிறைய ஆட்களைப் பணயம் வைப்பதாகும் அது.

எப்.சி. நாளன்று நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டி, சான்றிதழ் கிடைத்ததும் கழற்றிக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று பெற வேண்டும் என்று விதி இருப்பது, மீதி 364 நாளும் வண்டி பத்திரமாக ஓடுவதற்காகத்தான்.

அலங்காரமும் சட்டமும்

பாகம் மாற்றுவது ஒரு புறம் இருக்க, வண்டியை "மேம்படுத்துவது" என்றொரு மோகம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப்புகளில் இது அதிகம். பெரிய டயர், கண் கூசும் எல்.இ.டி. விளக்கு, முன்னால் இரும்புக் கம்பி என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அளவுக்கு மீறிய டயர் போட்டால், மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். அதை நிறுத்தப் பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்டீயரிங் மூட்டுகள் சீக்கிரம் தேயும். பார்வைக்குப் பலசாலி, உள்ளே நோயாளி.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. முன்புற இரும்புக் கம்பிகள் சட்ட விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தப் பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் நல்ல லைனிங் போட்டால் அதுவே உண்மையான மேம்பாடு.

கம்பெனிகளின் கடமை

பொறுப்பு ஏழை டிரைவரோடு முடிந்துவிடவில்லை. ஒரிஜினல் பாகங்களும், பழுது பார்க்கும் விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காமல் செய்ததாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல் முறையீட்டுக்குப் போயின. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் ஒரு குழுவையும், பிறகு ஓர் இணையத் தளத்தையும் அமைத்தது. நல்ல காரியமே. ஆனால் எல்லைப்புறப் பட்டறையில் பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்தவருக்கு, எந்த ஆண்டு ஜீப்புக்கு எந்த எண்ணுள்ள பாகம் என்ற பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்துக் கையில் கிடைத்தால்தான் உரிமை உரிமையாகும். 1962 முதல் சென்னைப் பாடியில் பிரேக் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. தமிழ்நாட்டில் செய்யும் பிரேக், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையில் நம்பிக்கையோடு கிடைக்கவில்லை என்றால் குறை விநியோகத்தில்தான்.

விலையில் ஒரு சிறு நிவாரணமும் வந்திருக்கிறது. பெரும்பாலான மோட்டார் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. வரிக்கு முன் ஆயிரம் ரூபாய் விலையுள்ள பாகம் 1,280-லிருந்து 1,180 ரூபாய்க்கு இறங்க வேண்டும். பில் கேட்டு வாங்குகிறவருக்குத்தான் இது தெரியும்.

பில்லுக்கு வேறு பலனும் உண்டு. போலிப் பாகம் விற்றவர் மீது வழக்குப் போட, வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ, வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கம்பத்தில் வாங்கிய பாகத்துக்கு இடுக்கியில் வேலை செய்பவர் இடுக்கியிலேயே நியாயம் கேட்கலாம். சொந்தப் பிழைப்புக்காக ஒரு ஜீப் வைத்து ஓட்டுபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.

தோட்டங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆள் வந்து சேர்ந்தால் போதும், எப்படி வந்தார்கள் என்பது வேண்டாம் என்ற மனப்பான்மை மாற வேண்டும். ஜீப் வாடகையைப் பேசும்போது பிரேக்கையும் பேச வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏலக்காய் எடைக்குப் புத்தகம் வைத்திருக்கிறார். ஆட்களை ஏற்றி வரும் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, லைனிங் மாற்றிய தேதி, பாகத்தின் எண், பில் எண் ஆகியவற்றை எழுதி வைப்பது அவருக்குப் பெரிய வேலையன்று. ஸ்டாண்டிலுள்ள ஜீப்காரர்கள் ஒன்றுசேர்ந்து பிரேக் பாகங்களை மொத்தமாக, நல்ல கடையில், பில்லோடு வாங்கினால் விலையும் குறையும், போலியும் ஒழியும்.

வண்டியில் ஏறுகிறவர்களும் வாயைத் திறக்க வேண்டும். "அண்ணே, பிரேக் எப்போ பார்த்தீங்க?" என்று ஒரு பெண் தினமும் கேட்டால் டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் பார்த்துவிடுவார். மலையேறிப் பிழைக்கப் போகிறவர்கள் கூலியோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு உத்தரவாதம் என்ஜினின் பலத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் டிரம்முக்குள் இருக்கும் ஒரு துண்டு லைனிங்கில்தான் இருக்கிறது.