வேகமா அமுக்கினவனுக்குத்தான் மார்க்கா?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும். காரணம், நான் பண்ணின ஒரு தப்பு.

எங்க அக்கா ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு டீச்சர். வளரறி மதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கே, பரீட்சை இல்லாம சின்னச் சின்ன செயல்பாடு வெச்சு பசங்களுக்கு மார்க் போடறது, அதுக்கு என்ன பண்ணலாம்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தா. நம்மதான் இஞ்சினியராச்சே, சும்மா இருப்போமா? "கஹூட் வெச்சு க்விஸ் நடத்துக்கா, பசங்க துள்ளிக் குதிப்பாங்க. மார்க் ஷீட்ட நான் எக்செல்ல போட்டுத் தர்றேன்"னு பெருமையா சொல்லிட்டேன்.

கஹூட் தெரியாதவங்களுக்கு: 2013ல நார்வேல இருந்து வந்த சமாச்சாரம். கேள்வி முன்னாடி பெரிய திரையில வரும், பசங்க தங்களோட கம்ப்யூட்டர்ல சிவப்பு முக்கோணம், நீல டைமண்ட், மஞ்சள் வட்டம், பச்சை சதுரம்னு நாலுல ஒண்ண அமுக்கணும். டொண்டொண்டொய்ங்னு மியூசிக் வேற. கடைசில முதல் மூணு பேர மேடைல ஏத்தி அமர்க்களப்படுத்தும்.

பின்னம் பாடத்துல 10 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 20 விநாடி. லேப்ல ஒரே கூச்சல், கும்மாளம். நான் பாயிண்ட்ஸ எடுத்து, முதல் ஆளுக்கு 20, மத்தவங்களுக்கு அந்த விகிதத்துல மார்க்னு ஒரு ஃபார்முலா போட்டேன். அக்கா அப்படியே ரிஜிஸ்டர்ல ஏத்திட்டா.

ஒரு வாரம் கழிச்சு ஒரு பையனோட அம்மா வந்திருக்காங்க. "டீச்சர், 10ல 9 சரின்னு சொல்றான். 20க்கு 10 மார்க்தான் போட்டிருக்கீங்க. பொய் சொல்றானா?"

ரிப்போர்ட்ட இறக்கிப் பாத்தேன். பையன் பொய் சொல்லல. 9 சரி.

என்ன ஆச்சுன்னா, கஹூட்ல சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 பாயிண்ட். நேரம் போகப் போக குறையும், கடைசி நொடில அமுக்கினா பாதிதான். 20 விநாடி கேள்விக்கு 2 விநாடில அமுக்கினா 950, 18 விநாடில அமுக்கினா 550. இந்தப் பையன் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள்ள ரெண்டு தடவ படிச்சுட்டுதான் அமுக்குவான். 9 கேள்விக்கு சுமாரா 4950. அதே கிளாஸ்ல ஒரு பொண்ணு 6தான் சரி, ஆனா படபடன்னு அமுக்கிட்டா. 5700. என் ஃபார்முலா அவளுக்கு 12 மார்க்கும் இவனுக்கு 10 மார்க்கும் குடுத்திருக்கு.

இதுல டூல் மேல ஒரு தப்பும் இல்லீங்க. வேகத்துக்கு பாயிண்ட்னு அவங்க வெளிப்படையாவே சொல்றாங்க, விளையாட்டுன்னா அப்படித்தான் இருக்கும். விளையாட்டோட ஸ்கோர எடுத்து மார்க்னு பேர் வெச்சது நான். அக்கா கேட்டா பாருங்க ஒரு கேள்வி: "ஏன்டா, கணக்குக்கு மார்க் கேட்டா ஓட்டப்பந்தயத்துக்கு மார்க் போட்டுக் குடுத்திருக்கியே?" பதில் இல்ல. நம்ம வேலையில தப்பான விடைய வேகமா தர்ற ப்ரோகிராமுக்கு பக்னுதானே பேரு?

"போட்டி இருந்தாதான் பசங்க படிப்பாங்க, வேகமும் ஒரு திறமைதான்"னு ரூம் மேட் சண்டைக்கு வந்தான். வாய்ப்பாட்டுக்குன்னா ஒத்துக்கறேன், ஏழெட்டு எவ்வளவுன்னா டக்குனு வரணும். ஆனா யோசிக்க வேண்டிய கேள்விக்கு, அதுவும் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு, யோசிச்சதுக்கே அபராதம் போடறது எந்த ஊர் நியாயம்? தவிர, நாலு விடைல கண்ண மூடிட்டு அமுக்கினாலே பத்துக்கு ரெண்டு மூணு தேறும். பக்கத்து ஸ்க்ரீன்ல என்ன கலர்னு எட்டிப் பாத்தா இன்னும் ரெண்டு.

அப்ப இந்த க்விஸ் எல்லாம் குப்பையா? அதுவும் இல்ல. அன்னிக்கு உருப்படியா நடந்தது ஒண்ணு உண்டு. 1/3, 1/4 இதுல எது பெரிசுன்னு ஒரு கேள்வி. பாதிக்கு மேல பசங்க 1/4ன்னு அமுக்கியிருந்தாங்க. மூணை விட நாலு பெரிசாச்சே! யார் யார் எதை அமுக்கினாங்கன்னு எண்ணிக்கை திரையில வந்ததும் அக்கா க்விஸ நிறுத்திட்டு, ஒரு தோசைய மூணு பேருக்கும் நாலு பேருக்கும் போர்டுல பங்கு போட்டுக் காட்டினா. பரீட்சை வெச்சு பேப்பர் திருத்தினா ஒரு வாரம் கழிச்சுத் தெரியறது, அஞ்சு நொடில தெரிஞ்சுது. என்னைக் கேட்டா க்விஸோட மொத்தப் பலனும் அந்த அஞ்சு நொடிதான். அது டீச்சருக்கான தகவல், பையனோட மார்க் இல்ல.

மார்க் போட்டே ஆகணுமா? கஹூட்லயே நேரத்த 4 நிமிஷம் வரைக்கும் கூட்டலாம், பாயிண்டே இல்லாம கேள்வி வைக்கலாம். பெங்களூர்ல 2015ல ஆரம்பிச்ச க்விஸிஸ்ல (2025ல வேகிரவுண்ட்னு பேர் மாத்திட்டாங்க) டைமர அணைச்சுட்டு அவங்கவங்க வேகத்துல போகலாம். லேப் இல்லாத பள்ளிக்கூடம்னா ப்ளிக்கர்ஸ்: பசங்க கைல அச்சடிச்ச அட்டை, எந்தப் பக்கம் மேல இருக்கோ அதான் விடை, டீச்சர் ஒரே ஒரு போன்ல கேமராவ ஓட்டினா போதும். எதுவா இருந்தாலும் எத்தனை சரின்னு மட்டும் எண்ணுங்க. மேடைல யார் நின்னாங்கன்னு பாக்காதீங்க.

அக்கா ஹெச்.எம். கிட்ட சொல்லி ரிஜிஸ்டர திருத்திட்டா. பையனுக்கு 18. பொண்ணுக்கு அதே 12.

இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் அடுத்த க்விஸ். இந்த தடவ நேரத்துக்கு பாயிண்ட் கிடையாதுன்னு அக்கா மூணு தடவ சொல்லியிருக்கா. அந்தப் பையன் கேள்விய முழுசாப் படிக்காமலே டப்பு டப்புன்னு அமுக்கியிருக்கான். 10க்கு 5.

மார்க்க ரிஜிஸ்டர்ல திருத்திட்டோம். அவன் மண்டைல என் ஃபார்முலா ஏத்தினத எப்படித் திருத்தறது? பதிவர்கள்ல வாத்தியார்கள் நிறைய பேர் இருக்கீங்க, தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: அந்த எக்செல் ஷீட்டக் கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேணாம். அழிச்சுட்டேன்.