தம்பேத்தன்னை உரிமையாளரும் கப்பிகளும்

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து மலையேறுவோர், உச்சியிலுள்ள 'லிப்டன் ஆசன'த்தில் சற்றே இளைப்பாறுவது வழக்கம். 1890-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து இத்தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையாற் பெருஞ்செல்வரானமை யாவரும் அறிந்ததே. அச்செல்வத்தில் ஒரு பங்கு பாய்ப்படகுகளாகிக் கடலில் ஓடிய வரலாற்றை நம் மாணவர் பலர் கேட்டிருக்கமாட்டார்கள்.

'அமெரிக்காக் கிண்ணம்' என்னும் படகுப் பந்தயத்துக்கு 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் அவர் படகு அனுப்பினார். ஐந்துக்கும் 'ஷாம்ராக்' என்றே பெயர். ஐந்து முறையும் தோல்வி! அப்படகுகளுக்கு ஆன செலவை எண்ணும்போது, கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகளும் நம் நினைவுக்கு வராமற் போவதில்லை.

இறுதித் தோல்வியே ஆராயத் தக்கது. ஐந்தாம் ஷாம்ராக் அழகிற் குறைந்த படகன்று. ஆயினும் அமெரிக்கரின் 'என்டர்பிரைஸ்' கருவிகளில் முந்திக்கொண்டது. கயிறுகளை இழுத்துச் சுற்றும் உருளைப் பொறிகள் பலவற்றை மேல்தட்டுக்குக் கீழே பொருத்தி, அவற்றை இயக்குவோரையும் அங்கேயே நிறுத்தினார்கள். ஷாம்ராக்கின் பாய்மரம் மரத்தாலானது; மற்றதன் பாய்மரமோ துராலுமின் என்னும் இலேசான உலோகம். பாயின் அடிவிளிம்பைத் தாங்கிய சட்டம் இருவர் அருகருகே நடக்குமளவு அகன்றது. அதன்மேற் குறுக்கே இட்ட தண்டவாளங்களிற் பாயின் அடி நகர்ந்து, காற்றுக்கேற்ப வளைந்து கொடுத்தது. நான்கு ஓட்டங்களிலும் என்டர்பிரைஸே வென்றது. தோற்ற கிழவருக்கு அமெரிக்க மக்கள் பணம் திரட்டித் தங்கக் கிண்ணம் ஒன்று அளித்தனர். மறு ஆண்டே அவர் காலமானார்.

ஊவா மலைத் தோட்டங்களிற் கொழுந்துச் சாக்குகளைக் கம்பியிற் கோத்துத் தொழிற்சாலைக்கு இறக்கிய காலமுண்டு. கம்பியும் கப்பியும் கண்ட மலைநாட்டில் தோட்டம் வைத்திருந்தவர், கடலிற் கயிற்றுக் கருவிகளாற் பின்தங்கினார் என்பது விந்தையன்றோ?

ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறு பந்தயப் படகிலும் நிலைமை இதுவே. இரட்டைக் கப்பி இரண்டினூடாகக் கயிற்றை நான்கு இழையாக ஓட்டினால், நாற்பது கிலோ இழுவையைப் பத்துக் கிலோ வலுவாற் சமாளிக்கலாம் என்பது கணக்கு. ஆனால் உராய்வு தன் பங்கைத் தின்றுவிடும். ஆதலால் கப்பிகளைப் பெருக்கிக்கொண்டே போவது திருத்தமாகாது. நன்கு சுழலும் கப்பியை, கயிறு கோணாமல் ஓடும்படி, கை எட்டுமிடத்திற் பூட்டுவதே திருத்தம். பூட்டும்போது தட்டின் அடியில் உலோகத் தகடு வைத்துத் திருகாணியை முடுக்கவேண்டும். இல்லையேல் பலத்த காற்றில் அது பெயர்ந்துவிடும். துளையையும் நீர் புகாமல் அடைக்கவேண்டும். இதை மறந்தவரின் படகில் மரம் உள்ளே உக்கிப்போவது வெளியே தெரியாது.

ஐயமுள்ள மாணவர்கள் இரட்டைக் கப்பி இரண்டும் ஒரு கயிறும் தேடி, வீட்டு அரிசிச் சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம். சாக்கு ஓரடி எழும்புவதற்குள் நாலடிக் கயிறு கைக்கு வந்து சேரும்.