முயலுக்கு ஜலதோஷம் வந்தால்...

எங்கள் மாடி வீட்டில், மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கிய முயலுக்கு இப்போது, 6 வயது. அவன் ஹாஸ்டலுக்கு போனதும், கூண்டு மொட்டை மாடிக்கு போய் விட்டது. துணி காயப்போட போன போது பார்த்தேன். மூக்கு ஒழுகி, அதை துடைத்து துடைத்து முன்னங்கால் முடியெல்லாம் சடை பிடித்து, 'கர்... கர்...' என மூச்சு விட்டுக் கொண்டிருந்தது. 'ஜலதோஷம் தானே, தானா சரியாயிடும்' என்றார், அந்த அம்மா.

மனசு கேட்கவில்லை, கேட்டு வாங்கி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிப் போனேன். 'முயல் மூக்கால தான் மூச்சு விடும்; நம்மள மாதிரி வாயை திறந்து சமாளிக்காது. கூண்டுல இருக்கிற மூத்திர நெடியே நோயை அதிகமாக்கும்' என்றார், டாக்டர். என் மகளுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கே, கொடுக்கலாமா என்று கேட்டேன். (பெரிய புத்திசாலி என நினைப்பு!) 'அதை குடிக்க கொடுத்தா, குடல் கெட்டு செத்தே போயிடும்மா' என திட்டி, வேறு மருந்து தந்தார்.

தினமும் சாக்கை மாற்றி, வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கை துடைத்து, அருகம்புல் போடுகிறேன். முழுசாக குணமாகாதாம், திரும்பத் திரும்ப வருமாம். பொம்மை மாதிரி வாங்கித் தருபவர்கள், முயல், 8 - 10 வருஷம் கூட இருக்கும் என்பதை யோசிக்க வேண்டாமா?

நேற்று அந்த அம்மா எட்டிப் பார்த்து, 'தேறிடுச்சே... பையன் லீவுக்கு வர்றப்ப தர்றீங்களா?' என்றார். நான் தருவதாக இல்லை!

— ஒரு வாசகி