காசு கொடுத்து வாங்கும் காடும் மேடும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் பத்து நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன், எனக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கியதை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கிக் கட்டுத்தறியில் கட்டியிருக்கலாமே என்று ஒருவர். இருபத்தாறு வயதில் கேம் ஆடுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று இன்னொருவர். அவன் அப்பா மகனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். குழுவில் இதை விரிவாக எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன், பழைய மாணவர்களும் படிக்கட்டும். உங்களில் பாதிப் பேர் இதே கேம்களை ஆடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது பணம் வைத்து ஆடுவதை. இவன் வாங்கியது ஒரு முறை விலை கொடுத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஆடுவது. சினிமா டிக்கெட்டோடு ஒப்பிடலாம், சீட்டாட்டத்தோடு ஒப்பிடக் கூடாது.

இதற்கு ‘ஓப்பன் வேர்ல்ட் ரோல்பிளேயிங் கேம்’ என்று பெயர். ஒரு பெரிய நிலப்பரப்பை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். மலை, ஆறு, ஊர், சந்தை, பாழடைந்த கோட்டை எல்லாம் அதில் உண்டு. நீங்கள் ஒரு பாத்திரமாக அதற்குள் இறங்குகிறீர்கள். ஒரு மூலக்கதை இருக்கும். அதைத் தொடர வேண்டும் என்று கட்டாயமில்லை. ராஜா உடனே வா என்று ஆள் அனுப்பியிருப்பார், நீங்கள் ஆற்றங்கரையில் மூலிகை பறித்துக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

போன பள்ளி விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து இதை நாலைந்து நாள் பார்த்தேன். அவன் ஆடியது 2011-ல் வந்த ஸ்கைரிம். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் செய்தது, பதினாலு பதினைந்து வருடம் ஆகியும் இன்னும் ஆடுகிறார்கள். அதில் பனி மூடிய ஒரு பெரிய மலை, எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுகிறது. “அப்பிச்சி, அந்த மலை சும்மா படம் இல்லீங்க, நெசமாவே ஏறிப் போலாம்” என்றான். ஏறியும் காட்டினான். அந்தப் பாதைக்கு ஏழாயிரம் படிகள் என்று பெயர். எண்ணினால் அவ்வளவு தேறாது. எங்கள் திருச்செங்கோட்டு மலையில் 1,200-க்கு மேல் படி இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன். கரண்டு போனால் வருகிறேன் என்றான்.

புவியியல் வாத்தியாராக முப்பத்து நான்கு வருடம் சர்வே வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பாடம் நடத்தியவன் நான். சம உயரக் கோடுகளைக் காட்டி ‘இந்த இடத்தில் நின்றால் எது தெரியும், எது மறையும்’ என்று கேட்பேன், நினைவிருக்கும். அதே கேள்வியை இந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நிண்டெண்டோ 2017-ல் வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ என்ற கேமை உருவாக்கியவர்கள், நிலத்தை முக்கோணங்களாக யோசித்து அமைத்ததாக ஒரு மாநாட்டில் விளக்கியிருக்கிறார்கள். சின்ன முக்கோணம் பெரிய முக்கோணத்தைப் பாதி மறைக்கும். மறைந்த பாதியைப் பார்க்க ஆள் நடப்பான். ஏறுவதா சுற்றிப் போவதா என்பது அவன் இஷ்டம். ஏறி நின்றால் இன்னொன்று தெரியும்.

நாமக்கல் கோட்டைப் பாறை மேல் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கீழே கமலாலயக் குளம், வடகிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி, நடுவில் சமவெளியில் அங்கங்கே கரடுகள். நம் சேலம் நாமக்கல் மண்ணே முக்கோணம் தூவிய மண்தான். சங்ககிரி, திருச்செங்கோடு, நைனாமலை. ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது கூப்பிடும்.

அந்தப் பையனிடம் போனில் கேட்டேன், அந்தக் கேமில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “பெரியப்பா, நாங்க ஹாஸ்டல் மொட்டை மாடில துணி காயப்போடறப்ப கொல்லிமலை தெரியும். நாலு வருசம் தெனமும் பாத்தேன். ஒரு தடவகூடப் போனதில்ல.”

அவன் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை விடுதிப் பள்ளியில் படித்தவன். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஐந்துக்கு மணி அடிக்கும், இரவு பத்தரை வரை படிப்பு, மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். நம் ஜில்லா 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தபோது முட்டைக்கும் லாரிக்கும்தான் பேர் வாங்கியிருந்தது. பிறகு மார்க்குக்கும் பேர் வாங்கியது. தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, ஆகாய கங்கையில் தலை நனைத்திருப்பார்கள்? மலை பாடப் புத்தகத்தில் இருந்தது. ஜன்னலிலும் இருந்தது. காலுக்கு மட்டும் எட்டவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கேம் ஏன் புரியவில்லை என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது. நாம் அதைக் காசில்லாமல் ஆடி முடித்துவிட்டோம். சனிக்கிழமை மதியம் கம்பஞ்சோறு தின்றுவிட்டு இட்டேறியில் இறங்கினால் இருட்டும் வரை யாரும் தேட மாட்டார்கள். கிளுவை வேலிக்குள் காடை முட்டை, பாழுங்கிணற்றில் புறா, ஓடையில் கெண்டை. எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எந்த ஆத்தா மோர் கொடுப்பாள் என்று மனத்தில் ஒரு வரைபடமே இருக்கும். இன்று இட்டேறிகள் பாதி தார் ரோடாகிவிட்டன, மீதி கம்பி வேலிக்குள் போய்விட்டன. திருமணிமுத்தாற்றில் கால் வைக்கப் பிள்ளையை விடுவீர்களா? நானும் விட மாட்டேன். வாசலில் வேன் ஏறி வாசலில் இறங்குகிற பிள்ளைக்கு, தானாக வழி தவறி, தானாக வழி கண்டுபிடிக்கிற சந்தர்ப்பம் எங்கே கிடைக்கிறது? அவன் மூவாயிரம் கொடுத்து வாங்கியது அந்தச் சந்தர்ப்பத்தைத்தான் என்பது என் கட்சி.

இது என் கற்பனை மட்டுமல்ல. இந்த வகைக்கு முன்னோடியான ‘செல்டா’ 1986-ல் ஜப்பானில் வந்தது. அதை உருவாக்கிய மியாமோட்டோ, கியோட்டோ பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் காடு மலை சுற்றி வளர்ந்தவர். சிறுவயதில் ஒரு குகையைக் கண்டு, பயந்து, பிறகு ஒரு நாள் விளக்கோடு உள்ளே போனாராம். அந்த அனுபவத்தையே மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

சுற்றுவது ஒரு பக்கம். வேறு ஆளாக மாறுவது இன்னொரு பக்கம். ‘வேஷம் போட்டு ஆடுவதற்கு இவ்வளவு காசா’ என்று குழுவில் கேட்ட பங்காளிக்கு ஒரு வார்த்தை. அண்ணன்மார் கதையை உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடக் கேட்டவர் நீங்கள். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவில் படுகளம் பார்த்திருக்கிறீர்கள். கதையில் வரும் வீரர்களாகவே ஆள்கள் விழுந்து கிடப்பார்கள், தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். விழுகிறவர் நடிக்கிறாரா, அந்த வீரனாகவே ஆகிவிட்டாரா? அந்த ஒரு ராத்திரி அவருக்குப் பேர் வேறு. ஊரே அதற்கு மரியாதை கொடுக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. பொன்னர் சங்கர் முடிவு நமக்கு முன்பே தெரியும். இந்தக் கேம்களில் முடிவு ஆடுகிறவன் கையில். 2015-ல் போலந்துக்காரர்கள் செய்த ‘விட்சர் 3’ உலகம் முழுக்க 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சப்கோவ்ஸ்கி என்ற எழுத்தாளரின் கதைகளை வைத்துச் செய்தது. அதில் ஒரு குறுநிலத் தலைவன் வருகிறான். குடிகாரன், மனைவியை அடித்தவன். மனைவியும் மகளும் ஓடிப்போய்விட்டார்கள், தேடிக் கொடு என்கிறான். போகிற வழியில் ஒரு மரத்தடியில் கட்டுண்ட ஆவி. அதை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், ஒரு கிராமம் அழியும், அந்த மனைவியும் பிழைக்க மாட்டாள். கொன்றால் குழந்தைகள் கதி அதோகதி. நல்ல பதில் என்று ஒன்று இல்லவே இல்லை. முன்னாள் மாணவி ஒருத்தி, இப்போது சேலத்தில் ஆடிட்டர், இந்த இடத்தில் கேமை நிறுத்திவிட்டு இரண்டு நாள் யோசித்தாளாம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு நான்கு விடையில் ஒன்றை டிக் அடித்து வளர்ந்த பிள்ளை இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

உளவியலாளர் ரிச்சர்டு ரயானும் கூட்டாளிகளும் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தன்னிச்சையாகத் தேர்ந்தெடுப்பது, ‘என்னால் முடிகிறது’ என்ற உணர்வு, மற்றவர்களோடு ஒட்டுதல், இந்த மூன்றும் கிடைப்பதால்தான் ஆட்கள் கேமுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அதன் சாரம். இரண்டாவதைப் பாருங்கள். 2022-ல் வந்த ‘எல்டன் ரிங்’ மகா கஷ்டமான கேம். ஒரே எதிரியிடம் முப்பது நாற்பது தடவை சாகிறார்கள். ஆனால் தோற்றவனை அது திட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஜெயித்துவிட்டான் என்று சொல்வதில்லை. வேறு பக்கம் சுற்றிவிட்டு, பலம் ஏற்றிக்கொண்டு, மனசு வந்தால் திரும்பி வா என்று விட்டுவிடுகிறது. நம் ஊர்ப் பத்தாம் வகுப்பில் இது நடக்குமா?

வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது தனிக் கூத்து. ராசிபுரம் பக்கம் தீவன மில் நடத்தும் என் மாணவர் ஒருவர் ஸ்டீம் கடையில் தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கி வைக்கிறார். நாற்பது சொச்சம் கேம் இருக்கிறது, ஆடியது ஆறோ ஏழோ. ஏனப்பா என்றேன். “போகாத ஊருக்கு டிக்கெட் எடுத்து வச்ச மாதிரி சார், இருக்கட்டும்” என்றார். என் புத்தக அலமாரியைப் பார்த்தால் நான் அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய வரைபடத்தை விளம்பரத்தில் காட்டினாலே கை பர்ஸுக்குப் போய்விடுகிறது என்பதைக் கம்பெனிகளும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன.

அங்கேதான் எனக்குக் கோபமும் வருகிறது. நிலத்தைப் பெரிதாக்கிவிட்டு, அதை நிரப்பச் சரக்கில்லாமல், வரைபடம் முழுக்கப் புள்ளி குத்தி வைக்கிற கேம்கள் நிறைய வருகின்றன. இங்கே போ, பத்து இறகு பொறுக்கு, அங்கே போ, கோபுரம் ஏறு. பேரன் அப்படி ஒன்றை ஆடும்போது முகத்தைப் பார்த்தேன், வீட்டுப்பாடம் எழுதுகிற முகம். சுற்றித் திரிய வாங்கியவனுக்கு மறுபடியும் டைம்டேபிள். அப்படிப்பட்டதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்று சொல்வேன். தூக்கம், சாப்பாடு, வேலை கெடுகிற அளவுக்குப் போனால் அதை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பையனோ எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்றரை மணி நேரம் ஆடுகிறான். அதே நேரம் சீரியல் பார்க்கிறவர்கள் நம் குழுவில் யார் யார் என்று நான் எழுதப்போவதில்லை.

லாரி ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்று போனில் ஓடும் ஒரு கேம். ரோல்பிளேயிங் வகையில் சேராது. இந்தோனேசிய ரோட்டில்தான் ஓட்ட வேண்டும். நம் பையன்கள் அதற்கு நம்மூர் பஸ்களின் பெயின்டையே அடித்து, ஹாரனையும் மாற்றி ஓட்டுகிறார்கள். பெர்மிட் வண்டியில் அஸ்ஸாம் வரை போய்வந்த டிரைவர்களின் பேரன்கள்தான் இதில் பலர். ரத்தம் எங்கே போகும்?

தம்பிக்கு, அதாவது அந்தப் பையனின் அப்பாவுக்கு: அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது அந்த லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொல். திட்டாமல் அரை மணி நேரம் பார். அந்த மலை மேல் ஏறினால் என்ன தெரியும் என்று கேள். மகன் வாயிலிருந்து ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை வந்து நீ கேட்டு வெகு வருடம் ஆகியிருக்கும்.

வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, சங்ககிரிக் கோட்டை ஏறுகிறேன். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை. வாசல் வாசலாகத் தாண்டி ஏற வேண்டும், வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பேரன் வருவதாகச் சொல்லியிருக்கிறான், கரண்டு இருந்தாலும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கமெண்டில் பெயர் போடுங்கள். மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.